வயலின் மக்கர் பண்ணுதா? மிஸ்ஸுக்குப் போன் போடும் முன் பார்க்க வேண்டியவை

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வட சென்னையில் வீடு வீடாகப் போய் கர்நாடக வயலின் சொல்லித் தருகிறேன். வகுப்பு இல்லாத நாளில்தான் போன் அதிகம். "மிஸ், கம்பி அறுந்துடுச்சு", "மிஸ், சத்தமே வரல", "மிஸ், பாப்பாவுக்கு இது சரிப்படாது போல". சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் என்பதால் பதிலை எழுதியே வைத்துவிட்டேன்.

எந்தக் கோளாறானாலும் முதலில் கருவி, அடுத்து வில், அதற்கடுத்து கை. "பிள்ளைக்கு வரல" என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை போகிற கேஸ் மிகக் குறைவு.

பெட்டிக்குள் இருக்க வேண்டியவை: ரோசின் (வில்லின் முடியில் தேய்க்கும் பிசின் கட்டி), இரண்டு பருத்தித் துணி, கூடுதலாக ஒரு முதல் தந்தி (நான்கில் மெல்லியது), மரப் பென்சில், வெள்ளை சாக்பீஸ். ஃபெவிக்விக், தேங்காய் எண்ணெய், கட்டிங் பிளேயர் மூன்றும் வயலின் இருக்கும் அறைக்குள்ளேயே வரக்கூடாது.

பிருடை நிற்கவில்லை

சுருதி சேர்த்துக் கையை எடுத்ததும் பிருடை (வயலினின் தலையில் தந்தியை முறுக்கும் மரத் திருகு) "சர்ர்" என்று கழன்றுவிடும். அழுத்தாமல் திருப்புவதுதான் முதல் காரணம். பிருடையின் தண்டு ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்திருக்கும். உள்ளே தள்ளிக்கொண்டே திருப்பினால்தான் துளையில் கவ்வும். பிள்ளைகளின் கையில் அந்த வலு இருக்காது. பெரியவர் ஒருவர் மறுபக்கத்தை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும்.

அப்படியும் நிற்கவில்லையா? தந்தி சுற்றியிருக்கும் விதத்தைப் பாருங்கள். சுற்றுகள் பிருடையின் தலைப்பக்கம் நோக்கி நகர்ந்து, பிருடைகள் இருக்கும் குழியின் சுவரை லேசாகத் தொட்டபடி முடிய வேண்டும். நடுவில் குவிந்து கிடந்தால் தந்தியே பிருடையை வெளியே தள்ளும். அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள்.

சுற்றும் சரி என்றால் பிருடையை வெளியே எடுத்துப் பாருங்கள். துளையில் உரசும் இடம் கண்ணாடிபோல் பளபளத்தால் அங்கே சாக்பீஸை லேசாகத் தேய்த்து, உள்ளே விட்டு நாலு சுற்று சுற்றிவிட்டுப் பிறகு தந்தி மாட்டுங்கள். ஏசி அறையில் ராத்திரி முழுக்க வைத்த வயலினில் இது அடிக்கடி நடக்கும். காற்று உலர்ந்தால் மரம் சுருங்குகிறது.

சாக்பீஸ் போட்டும் ஒரே வாரத்தில் திரும்பக் கழன்றாலோ, பிருடை முன்பைவிட ஆழமாக உள்ளே போய் மறுபக்கம் நீட்டிக்கொண்டு நின்றாலோ துளை தேய்ந்துவிட்டது. அது ரிப்பேர்காரர் வேலை.

பிருடை இறுகிவிட்டது, அசையவே இல்லை

ஐப்பசி, கார்த்திகையில் வரும் போன் இது. ஈரத்தில் மரம் ஊதிக்கொள்கிறது. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் மழை இல்லாத மாதத்திலும் உண்டு. செய்ய வேண்டியது பொறுமையாக இருப்பதுதான். மின்விசிறி ஓடும் உலர்ந்த அறையில், முடிந்தால் ஏசியில், ஒரு நாள் வையுங்கள். பிறகு பிருடையின் மெல்லிய முனையைக் கட்டைவிரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு ஃபைன் டியூனரை (தந்தியின் அடிமுனையில் இருக்கும் சின்னத் திருகு) வைத்து ஒப்பேற்றுங்கள். பிளேயர் போட்டுத் திருப்பித் தலையை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். அப்போது புதுப் பிருடை செதுக்கிப் பொருத்த வேண்டியிருக்கும்.

ஃபைன் டியூனரிலும் ஒரு எச்சரிக்கை. திருகு முழுக்க இறங்கிவிட்டால் அடியில் இருக்கும் நெம்புகோல் மேல்பலகையைக் கீறும். மாதம் ஒருமுறை திருகைப் பாதிவரை மேலே ஏற்றிவிட்டு, சுருதியைப் பிருடையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தந்தி அறுந்துகொண்டே இருக்கிறது

"மட்டமான கம்பி" என்று கடைக்காரரைத் திட்டும் முன், அறுந்த துண்டை எடுத்து எங்கே அறுந்தது என்று பாருங்கள். முக்கால்வாசி விடை அதிலேயே இருக்கிறது.

நடுவில், விரல் படும் இடத்தில் அறுந்திருந்தால் துரு, வியர்வை. கடற்காற்றும் கை ஈரமும் சேர்ந்தால் ஸ்டீல் தந்தி சீக்கிரம் கறுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்துவிட்டுப் பெட்டியை மூடினால் ஆயுள் கூடும்.

குதிரை (நாலு தந்தியையும் தாங்கி நிற்கும் மரத்துண்டு) மேல் அறுந்திருந்தால் அங்கே இருக்கும் பள்ளம் இறுக்கமாகவோ கூர்மையாகவோ இருக்கிறது. மேல் முனையில், விரல்பலகை தொடங்கும் இடத்துப் பள்ளத்தில் அறுந்தாலும் இதே கதைதான். இரண்டு இடத்திலும் பென்சில் முனையால் தேய்த்துக் கரி படியவிடுங்கள், தந்தி வழுக்கிக்கொண்டு போகும். பென்சில் போட்ட பிறகும் அதே இடத்தில் இன்னொன்று அறுந்தால் மூன்றாவது தந்தி வாங்காதீர்கள். பள்ளத்தை ராவித் தரச் சொல்லிக் கொண்டுபோங்கள். கொக்கியில், வளையம் மாட்டும் இடத்திலேயே அறுந்தால் ஃபைன் டியூனரின் முனை கூராக இருக்கிறது, அதை மாற்ற வேண்டும்.

புதுத் தந்தி மாட்டும்போதே அறுந்தால் சந்தேகமே வேண்டாம், டியூனர் ஆப்தான் வில்லன். நம் வயலினில் தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ச–ப–ச–ப. இரண்டு கட்டைச் சுருதி (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு) என்றால் ஆப் பாஷையில் டி–ஏ–டி–ஏ. எந்த ஸ்தாயியில் (மேலா, கீழா என்ற அடுக்கில்) டி, எந்த ஸ்தாயியில் ஏ என்பதைப் பல ஆப்கள் பளிச்சென்று காட்டாது. மூன்றாம் தந்தி சரியான ஏ-யைத் தாண்டிப் போனது தெரியாமல், அடுத்த ஸ்தாயி ஏ-யை நோக்கித் திருப்பிக்கொண்டே போவார்கள். பாதி வழியில் "டங்". புதுத் தந்தி மாட்டும்போது ஆப்பை மூடிவிட்டு, பக்கத்துத் தந்தியோடு ஒப்பிட்டுக் காதால் கொண்டுவந்து, கடைசி இழைக்கு மட்டும் ஆப்பைத் திறங்கள்.

நான்கையும் மாற்றுவதானால் ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதைக் கீழே "உள்ளே ஏதோ உருளுகிறது" பகுதியில் பாருங்கள்.

சத்தமே வரவில்லை, அல்லது காற்றுபோல் வருகிறது

புது வில்லா? முடியில் ரோசின் இல்லை. புது ரோசின் கட்டியும் பளபளவென்று இருக்கும், அப்படியே தேய்த்தால் ஒட்டாது. உப்புத்தாளால் மேற்பரப்பைக் கொஞ்சம் சுரண்டி, தூள் எழும்பிய பிறகு தேய்க்க வேண்டும். முதல் தடவை நன்றாகத் தேய்க்கலாம். அதற்குப் பிறகு தினமும் நாலைந்து இழுப்பு போதும்.

பழைய வில் திடீரென்று வழுக்குகிறதா? யாரோ முடியைத் தொட்டிருக்கிறார்கள். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு வில்லை எடுத்தால் எண்ணெய் பட்ட அந்த இரண்டு அங்குலம் மட்டும் ஊமையாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். அதன்மேல் ரோசினைக் குவித்துப் பயனில்லை. ஸ்பிரிட் வைத்துத் துடைப்பதை வீட்டில் செய்ய வேண்டாம்; வில் கட்டையின் வார்னிஷில் பட்டால் உரிந்துவிடும்.

முடி நிறைய உதிர்ந்திருந்தால், அதுவும் பல நாள் திறக்காத பெட்டியில் என்றால், பூச்சி தின்றிருக்கலாம். பெட்டியை ஒரு பகல் வெயிலில் திறந்து வையுங்கள் (வயலினை அல்ல, பெட்டியை மட்டும்). மலிவான வில்லுக்கு முடி மாற்றும் கூலியும் புது வில்லின் விலையும் ஏறத்தாழ ஒன்றுதான், அதனால் புதிதே வாங்கிவிடச் சொல்வேன்.

கீச்சிடுகிறது, கரகரக்கிறது

பக்கத்து வீட்டிலிருந்து "இன்னா சவுண்டு இது" என்று குரல் வரும் கட்டம். முதலில் தந்திமேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி திட்டாக ஒட்டியிருந்தால் ரோசின் அதிகம். துடைத்துவிட்டு இரண்டு நாள் ரோசினே போடாமல் வாசிக்கட்டும்.

பொடி இல்லை என்றால் வில்லின் இறுக்கம். கட்டையின் நடுப்பகுதிக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் தடிமன் இடைவெளி இருந்தால் சரி. கட்டை நேராகும் அளவுக்கு முறுக்கியிருந்தால் கரகரப்பு நிச்சயம். வாசித்து முடித்ததும் தளர்த்த மறந்தால் கட்டை நாளடைவில் வளைந்துபோகும், அதைத் திரும்ப நிமிர்த்துவது பெரிய வேலை.

இரண்டும் சரியென்றால் வில் ஓடும் பாதையைக் கவனியுங்கள். குதிரைக்கும் விரல்பலகை முடியும் இடத்துக்கும் நடுவில் ஓட வேண்டும். நம் முறையில் தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையை வலது கணுக்கால்மேல் சாய்த்து வைக்கிறோம். பாதம் வழுக்கித் தலை இறங்கினால் வில் தானாக விரல்பலகைமேல் ஏறிவிடும். பிள்ளைக்கு அது தெரியாது. எதிரில் ஒரு கண்ணாடி சாய்த்து வையுங்கள், நிலைக்கண்ணாடி போதும். விரலே வைக்காமல் நாலு தந்தியையும் முழு வில்லில் இழுக்கச் சொல்லுங்கள். வெறும் தந்தியில் கீச்சில்லை, விரல் வைத்தால் மட்டும் கீச்சென்றால் விரல் அரைகுறையாக அழுந்துகிறது. அல்லது பக்கத்துத் தந்தியை உரசுகிறது. அதை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தந்தி மட்டும் விசில் அடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. மெல்லிய ஸ்டீல் தந்தியின் குணம் அது, வில் இன்னும் கொஞ்சம் நின்று பேசினால் அடங்கிவிடும்.

"ஸ்ஸ்ர்ர்" என்று அதிர்கிறது

வயலினைக் குற்றம் சொல்லும் முன் வாசிப்பவரைப் பாருங்கள். மார்போடு அணைத்து வாசிப்பதால் செயின், சட்டைப் பொத்தான், துப்பட்டா பின் எது உரசினாலும் அதிரும். பெரியவர்களில் தாலிச்சரடு. பிறகு அறை: எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு வீட்டில் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் "வயலின் தானா பாடுது" என்றார்கள். அதிர்ந்தது ஷோகேஸ் கண்ணாடி.

அடுத்து கருவி. ஃபைன் டியூனர்களின் சின்ன வளையங்கள் தளர்ந்திருக்கிறதா, சின் ரெஸ்ட் (தாடை வைக்கும் கட்டை) டெயில்பீஸைத் (தந்திகளின் அடிமுனை மாட்டும் துண்டு) தொடுகிறதா, தந்தியின் மேல்சுற்று பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்தியபடி வாசிக்கச் சொல்லுங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான்.

எதிலும் நிற்கவில்லை என்றால் ஓரத்தைச் சுற்றி விரல் மடக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறி "தொப்" என்று கேட்டால் பசை விட்டிருக்கிறது. கத்திரி வெயிலில் வண்டி பெட்டிக்குள்ளும் மூடிய காருக்குள்ளும் கிடந்த வயலினில் இது சகஜம். வீட்டுப் பசை எதுவும் போடாதீர்கள். வயலினுக்குப் போடும் பசை பின்னால் பிரிக்க வசதியாக இருப்பது. ஃபெவிகால் போட்டதைப் பிரிக்கப் போனால் மரமே பெயர்ந்து வரும்.

குதிரை சாய்ந்திருக்கிறது, அல்லது விழுந்துவிட்டது

ஒவ்வொரு தடவை சுருதி ஏற்றும்போதும் குதிரையின் தலை விரல்பலகைப் பக்கம் கொஞ்சம் இழுபடும். டெயில்பீஸைப் பார்க்கும் முதுகு மேல்பலகைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, வயலினை மடியில் வைத்து, இரண்டு கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தலையைப் பிடித்து இம்மி இம்மியாக நிமிர்த்துங்கள். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். விழுந்துவிட்டால் மேல்பலகையில் இருக்கும் இரண்டு எஃப் வடிவத் துளைகளின் உள்பக்க வெட்டுக்கு நேர்கோட்டில், நடுவில் நிறுத்தி, உயரம் குறைந்த பக்கம் முதல் தந்திக்கு வரும்படி வைக்க வேண்டும். கால் வளைந்தோ விரிந்தோ போயிருந்தால் புதுக் குதிரை. அது கடையிலிருந்து வாங்கி அப்படியே மாட்டுகிற பொருளல்ல, உங்கள் வயலினின் வளைவுக்கு ஏற்பச் செதுக்க வேண்டும்.

உள்ளே ஏதோ உருளுகிறது

இந்த ஒன்றுக்கு மட்டும் எந்த நேரமும் போன் செய்யலாம். சவுண்ட் போஸ்ட் விழுந்திருக்கிறது. முதல் தந்திப் பக்கத்துக் குதிரைக் காலுக்குச் சற்றுப் பின்னால், உள்ளே நிற்கும் குச்சி அது. பசை கிடையாது, அழுத்தத்தில்தான் நிற்கிறது. தந்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினாலோ, கீழே போட்டாலோ விழும். உடனே தந்திகளைத் தளர்த்திவிடுங்கள். குச்சி இல்லாமல் தந்தி இறுக்கத்தோடு வைத்தால் மேல்பலகை உள்வாங்கும், விரிசலும் விடும். கம்பியை வளைத்து உள்ளே விட்டு நிமிர்த்தும் வீரர்களை யூடியூபில் பார்த்து முயற்சி செய்ய வேண்டாம்.

ரிப்பேருக்கு நம் பக்கத்தில் ஆள் குறைவு. அண்ணா சாலை, மயிலாப்பூர் பக்கம்தான் போக வேண்டும். விம்கோ நகரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மெட்ரோ ஏறினால் மாறாமல் எல்.ஐ.சி. வரை போகலாம். வெயிலில் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போவதைவிட வயலினுக்கு அது நல்லது. வேலைக்குக் கொடுக்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே கருவியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருதி சேர்த்தும் அபஸ்வரமாக இருக்கிறது

முதலில் சுருதிக் கட்டை. வகுப்பில் ஐந்து கட்டை, வீட்டு மொபைலில் ஒரு கட்டை தம்புரா ஓடினால் எப்படிச் சேரும்? நோட்டின் முதல் பக்கத்தில் கட்டையை எழுதி வையுங்கள். ஐந்து கட்டை என்றால் ஜி–டி–ஜி–டி. ராயபுரம், தண்டையார்பேட்டை சர்ச் குவயரில் வாசிக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஜி–டி–ஏ–இ வைத்துவிட்டு அப்படியே திங்கட்கிழமை சரளி வரிசைக்கு (கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடம்) உட்காருவார்கள். மெல்லிய இரண்டு தந்தியும் அங்கேதான் பிசகும். "ஆப் தப்பா மிஸ்?" என்று கேட்பார்கள். ஆப் தப்பில்லை, அது மேற்கத்திய கணக்கு. இந்தக் கருவி நமக்கு வந்ததே அந்த வழியில்தான்: முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்க ஏற்பாடு செய்தவர்கள் நம்ம மணலி முதலியார்கள். ச–ப–ச–ப நமக்காக நாம் மாற்றிக்கொண்டது.

கட்டை சரி, வெறும் தந்தியும் சரி, ஆனால் விரல் வைத்தால் பிசகுகிறதா? தந்தியின் வயதைப் பாருங்கள். துருவேறிய தந்தி வெறுமனே மீட்டினால் சுத்தமாக இருக்கும், விரல் வைத்த இடத்தில் பொய் சொல்லும். விரல்பலகையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், குதிரை நகர்ந்த பிறகு அந்த ஸ்டிக்கரையும் நம்பக்கூடாது.

புதுத் தந்தி, நேரான குதிரை, அப்படியும் பிசகினால் கைக்கு வருவோம். ஆரம்பப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையில் ரி ஸவுக்கு ஒட்டி, க வெகு தூரத்தில், ம கவுக்கு ஒட்டி. பிள்ளைகள் நாலு விரலையும் சம இடைவெளியில் வைக்கவே விரும்புவார்கள். அதனால் ரி ஏறிவிடும், க இறங்கிவிடும். எனக்கு வரும் அபஸ்வரப் புகார்களில் பெரும்பகுதி இந்த க-தான். மூன்றாம் தந்தியில் மூன்றாவது விரலால் ஸ வாசித்து, பக்கத்திலிருக்கும் இரண்டாம் தந்தியின் வெறும் ஸவோடு சேர்த்து இழுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றானால் சத்தத்தில் கேட்கும் அலை நின்றுவிடும், சங்கீதம் தெரியாத அம்மா காதுக்கும் அது கேட்கும். அந்த விரல் நின்றால் அதை ஒட்டிய நி, பிறகு க, இரண்டுக்கும் இடம் தெரிந்துவிடும்.

விரல் எட்டவே இல்லை என்றால் வயலின் பெரிது. "வளர்ற பிள்ளைதானே" என்று எட்டு வயதுக்கு முழு அளவு வாங்காதீர்கள். அரை, முக்கால் அளவுகள் அதற்காகத்தான் இருக்கின்றன, பழையதாகவும் கிடைக்கும்.

வலிக்கிறது

விரல் நுனியில் கோடு விழுவதும் முதல் சில வாரம் எரிவதும் சாதாரணம். கட்டைவிரல், மணிக்கட்டு வலித்தால் இடது கையை முழுவதும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நம் முறையில் மார்பும் கணுக்காலுமே வயலினைத் தாங்க வேண்டும். கையை எடுத்ததும் வயலின் சரிந்தால் அதுவரை கைதான் சுமந்திருக்கிறது. கணுக்காலில் மடித்த துண்டு வையுங்கள், வியர்வையில் வழுக்காது. முழங்கால் வலித்தால் அடியில் ஒரு மணை.

சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்துப்போனாலோ, மணிக்கட்டு வீங்கினாலோ, வாசிக்காத நேரத்திலும் வலி நின்றாலோ சாதகத்தை நிறுத்திவிட்டு டாக்டர். ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு நாடறிந்தது, நம் வட சென்னையிலேயே இருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு வாசிப்பது இரண்டு வகையில் கெடுதல், தந்தியும் பாழ்.

வகுப்பில் நன்றாக வருகிறது, வீட்டில் வரவில்லை

வகுப்பில் சுருதி சேர்ப்பது நான். வீட்டில் யார் என்று கேட்டால் பாதி பேரிடம் பதில் இருக்காது. ஒரு பெரியவர் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு வகுப்பு போதும். இன்னொரு காரணம் எங்கள் தரப்பில்: மிஸ் கூடவே வாசித்தால் பிள்ளையின் பிசகு அதில் மறைந்துவிடும். "இந்த வரிசையை அவளே தனியா வாசிக்கட்டும் மிஸ்" என்று நீங்கள் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வகுப்பு வீடியோ காலுக்கு மாறும். அப்போது "சத்தம் விட்டு விட்டு வருது" என்றால் வயலினில் ஒன்றுமில்லை. நீண்ட ஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து ஆப் வெட்டுகிறது. செட்டிங்கில் நாய்ஸ் சப்ரஷனை அணைத்துவிடுங்கள். சேர்ந்து வாசிக்கவும் முயல வேண்டாம், குரல் தாமதமாகத்தான் வரும்.

மாதக்கணக்கில் அதே பாடம்

இதில் மட்டும் கருவியிலிருந்து தொடங்க முடியாது. தினம் வாசிக்கிறாளா? இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வாசிக்கிறாள் என்றால், எது சரியானால் அடுத்த பாடம் என்று டீச்சரிடம் கேளுங்கள். "க நிக்கணும்", "மூணாம் காலத்தில் (வேகமாக வாசிக்கும்போது) வில் தடுமாறக் கூடாது" என்று திட்டவட்டமாகப் பதில் வந்தால் காத்திருக்கலாம். "வரும், வரும்" மட்டுமே வந்தால் வேறொரு வித்வானிடம் ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அவரும் அதே குறையைச் சொன்னால் பழைய இடத்திலேயே தொடருங்கள். வேறு குறையைச் சொல்லி, அதை அங்கேயே திருத்தியும் காட்டினால் மாறலாம். மாதச் சம்பளத்தைக் கொடுத்து, சொல்லிவிட்டு மாறுங்கள். புது இடத்துக்குப் பழைய நோட்டையும் கட்டையையும் கொண்டுபோங்கள். அவர் திரும்பவும் சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தால் மல்லுக்கட்டாதீர்கள். வில் பிடியை மாற்ற நினைப்பவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.